உதில எந்த லைட் எரியுது?

என் புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. பழைய வயர்லெஸ் மோடம். முகப்பில் மூன்று சின்ன விளக்குகள், பின்னால் ஒரு பொத்தான், கேபிள் செருகுவதற்கு ஒரு வாய். கரண்ட் கொடுத்தாலும் இப்போது எதுவும் எரியாது. அகராதிகள் சரியாமல் முட்டுக்கொடுத்து நிற்பதுதான் அதன் உத்தியோகம். என் உத்தியோகமும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எங்களுக்குள் பிணக்கு வந்ததில்லை. ஒவ்வொரு போகிக்கும் முன்னால் என் மனைவி அதைக் கையில் எடுத்து, “இதைப் பழைய சாமான்காரன்கிட்ட போட்டா என்ன?” என்பாள். நான் நாற்காலியை விட்டு எழாமல், “அதை வச்சிடு” என்பேன். அவளுக்கு அது ‘இது’, எனக்கு ‘அது’. பொருள் அவள் கையில் இருக்கிறது. எனக்குத் தூரம், ஆனால் தெருக்கோடித் தூரம் இல்லை. இந்த நடுத்தூரத்துக்கு எங்கள் வீட்டுத் தமிழில் ஒரு சொல் குறைகிறது என்பதை முப்பத்தொன்பதாம் வயதில், தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் கண்ணாடி முகப்புக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்தன. நான் உதவியாசிரியராக இருந்த நகைச்சுவை வார இதழ் மூடப்பட்டிருந்தது. அதில் வந்த நகைச்சுவைதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பெரும்பகுதியை எழுதியவன் நான் என்பதால் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஸ்பெயின் நாட்டு இன்டர்நெட் வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் உதவி செய்ய ஆள் தேவை, ஸ்பானிஷ் நாங்களே கற்றுத்தருவோம், வயது தடையில்லை என்று ஒரு விளம்பரம் வந்தது. ‘வயது தடையில்லை’ என்ற வரியை நம்பிப் போனேன். வாசலில் இருந்த செக்யூரிட்டி என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, “பேரன்ட்ஸ் எல்லாம் அந்தப் பக்கம் வெயிட் பண்றாங்க சார்” என்றார்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் ஒரு சோதனை. ஸ்பெயினிலிருந்து அந்தக் கம்பெனியின் அதிகாரி ஒருவரே வாடிக்கையாளராக நடித்து ஃபோனில் பேசுவார். அவர் வீட்டு மோடத்தில் கோளாறு. நாம் சரிசெய்ய வேண்டும். தேறினால் வேலை, தேறாவிட்டால் வீடு. பயிற்சிக்காக அவர்கள் அனுப்பிய மாதிரிப் பெட்டிதான் இன்று என் அகராதிகளைத் தாங்குகிறது.

என் வரிசையில் இரண்டு பேர் எனக்கு நெருக்கமானார்கள். ஒருவன் தாம்பரம் மார்க்கெட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன். கடையில் ஆணி எடை போட முடியாது என்று சண்டை பிடித்துக்கொண்டு வந்திருந்தான். வகுப்பில் எல்லோருக்கும் அவன் மச்சான், அவனுக்கும் எல்லோரும் மச்சான். என்னை மட்டும் பெருந்தன்மையோடு அண்ணா என்றான். இன்னொருவர் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நியாயமாக நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அவர், “சார், டீ ஆறுது” என்று சொன்னால் உடனே குடித்துவிடத் தோன்றும். அப்படிப்பட்டவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? நானும் அக்கா என்றேன்.

அக்காவின் தமிழ் வார்த்தைக்கு வார்த்தை சுத்தமான சென்னைத் தமிழ். கொஞ்சம் அதிகமாகவே சுத்தம், கடையிலிருந்து பிரித்தெடுத்த புதுச் சட்டை மாதிரி, மடிப்பு தெரியும். ‘ஆமா’ சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இருமல் வரும். ஒருநாள் கான்டீனில் யாருடைய சுடிதாரையோ பார்த்து, “வடிவா இருக்கு” என்று சொல்லிவிட்டார். மச்சான் உடனே, “அக்கா, நீங்க நாகர்கோவிலா?” என்றான். அக்கா சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் நாகர்கோவில்.

பெருங்களத்தூரில் அவருக்கு வீடு கொடுத்தவரும் இதே முறையில்தான் கண்டுபிடித்திருந்தார். “நாகர்கோவில் பக்கமா?” என்று அவரே கேட்டு, அவரே தலையாட்டி, சாவியைக் கொடுத்துவிட்டார். அக்காவும் அவருடைய அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அதற்கு முன்னால் அதைச் சொல்லிப் பார்த்த இடங்களில் எல்லாம் வீட்டுக்காரர்களுக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். நேற்றுவரை காலியாக இருந்த வீட்டில் அடுத்த வாரம் ஒரு சித்தப்பா குடிவருவார். போலீஸ் வந்து விசாரிக்கும், நமக்கு ஏன் வம்பு என்பது சித்தப்பாவின் முழுப்பெயர். அலைந்து சலித்து அமைந்த வீடு அது. அம்மாவால் இனிமேல் மாடி மாடியாக ஏறி வீடு தேட முடியாது. ஆகவே அம்மா வாய் திறப்பதில்லை, அக்கா இருமினார். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ஸ்பானிஷ் மிஸ்ஸுக்கு இருபத்து நான்கு வயது இருக்கலாம். பரங்கிமலைக்காரர். கான்வென்டில் ஸ்பெயின் நாட்டுக் கன்னியாஸ்திரீகளிடம் மொழி படித்தவர். என்னைத் திட்டும்போதும் ‘சார்’ விடுபடாது. ஸ்பானிஷில் பொருள்களுக்கு ஆண் பெண் உண்டு என்று அவர் சொன்னதையே நாங்கள் மெல்லத்தான் ஜீரணித்தோம். பொத்தான் ஆண், கேபிள் ஆண், விளக்கு பெண். விளக்குக்கு அங்கே ‘லூத்’ என்று பெயர். மிஸ் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து அழகாகச் சொல்வார். எங்கள் வாயில் அது ‘லூஸ்’ என்று வந்தது. “அந்த லூஸ் எரியுதா, இந்த லூஸ் எரியுதான்னு கேக்கறதுக்காடா எங்க வாப்பா டிகிரி படிக்க வச்சாரு?” என்று மச்சான் வருந்தினான்.

அதற்குப் பிறகுதான் சுட்டுச் சொற்கள் வந்தன. மிஸ் பலகையில் மூன்று சொல் எழுதினார். எஸ்தே, எசே, அக்கேல். என் கையில் இருப்பது எஸ்தே. உங்கள் கையில் இருப்பது எசே. நம் இருவர் கையிலும் இல்லாமல் தள்ளி இருப்பது அக்கேல். இடத்துக்கும் அதே மாதிரி மூன்று: அக்கீ, அயீ, அயீ-யிலிருந்து காதுக்கு இம்மியளவே வித்தியாசப்பட்ட இன்னொரு சொல். பெண்பாலானால் எஸ்தா, எசா, அக்கேயா. எல்லோரும் குறித்துக்கொண்டோம். யாருக்கும் கஷ்டமாகத் தெரியவில்லை. கஷ்டமே அங்கேதான் இருந்தது. எஸ்தே என்பதில் கிட்டத்தட்ட ஒரு ‘இ’ கேட்கிறது, ஆகவே இது. அக்கேல் என்பதில் பட்டவர்த்தனமாக ஒரு ‘அ’ இருக்கிறது, ஆகவே அது. ஸ்பெயின்காரனும் நாமும் ஏதோ ஒரு காலத்தில் ஒரே தெருவில் குடியிருந்திருக்கிறோம் என்று நான் மனத்துக்குள் ஒரு கட்டுரையே எழுத ஆரம்பித்துவிட்டேன். நடுவில் இருந்த எசே மட்டும் எந்தக் கொக்கியிலும் மாட்டாமல் தொங்கியது. அதை நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம், கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாத விருந்தாளியைப் போல.

தொலைபேசி உதவி என்கிற தொழிலே அந்த விருந்தாளியின் தலையில்தான் நிற்கிறது என்பது மாதிரி அழைப்புகள் தொடங்கியதும் தெரிந்தது. மோடம் வாடிக்கையாளரின் கையில் இருக்கிறது. அவர் ‘இந்த விளக்கு’ என்பார். நாம் ‘உங்களிடம் இருக்கும் அந்த விளக்கு’ என்று சொல்ல வேண்டும், அதாவது எசா. எங்களுக்கோ ‘அந்த’ என்றதும் வாயில் அக்கேயா வந்து நிற்கும். மிஸ் வாடிக்கையாளராக நடிப்பார். நான், “அக்கேயா லூஸ் எரிகிறதா, சென்யோரா?” என்று கேட்பேன். மிஸ் எழுந்து ஜன்னலுக்குப் போய் ஜி.எஸ்.டி. சாலையை எட்டிப் பார்ப்பார். “தெரு விளக்கா சார்? எரியுது. தாம்பரத்துல இன்னிக்கு அதிசயமா எரியுது. என் மோடம்தான் எரியல.” வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன், தொழில் முறையில் சிரிக்கத் தெரிந்தவன். ஆனால் வீட்டில் மனைவியின் சம்பளத்தில் காய்கறி வந்துகொண்டிருந்தது. “இந்த வயசுல ஸ்பானிஷா? பேஷ்” என்று என் மாமனார் சொன்ன அந்த ‘பேஷ்’ இன்னும் காதில் இருந்தது. மச்சான் என்னைவிட மோசம். வகுப்பிலேயே எசே தவறாதவர் அக்கா ஒருவர்தான். எப்படி என்று கேட்டால், “பழகிடும் சார்” என்பார்.

டீ இடைவேளையில் மொட்டை மாடிக்குப் போவது என் வழக்கம். அன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அக்கா செல்ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். குரல் அவருடையது, தமிழ் வேறு யாருடையதோ.

“உங்க மழையோ, அப்பா? ... உந்த மழைக்குள்ள ஏன் வெளியில போனனீங்கள்? ... உதைக் கழட்டிப்போட்டுத் தலையைத் துடையுங்கோ முதல்ல.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு மனிதனின் ரகசியம் அம்பலமாவதைப் பார்த்த சிலிர்ப்பு என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில் எனக்குத் தோன்றியது இலக்கணம். அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்தோமே, ‘உ’ இப்போது வழக்கில் இல்லை என்று வாத்தியார் அடிக்கோடு போடச் சொன்னாரே, அந்த ‘உ’ இதோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செல்ஃபோனில் பேசிக்கொண்டிருக்கிறது! அப்பா அங்கே யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அவர் இருக்கும் இடம் ‘உங்க’, அவர் நனையும் மழை ‘உந்த’ மழை, அவர் போட்டிருக்கும் சட்டை ‘உது’. கேட்பவர் கையில் இருப்பதெல்லாம் உகரம். எசே!

அக்கா திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா! உதுதான் எசே!” என்றேன் நான்.

“சார், தயவுசெஞ்சு...”

“நடுவுல தொங்குதே, அது! நம்மகிட்ட இல்லைன்னு நினைச்சோமே, அது!”

“சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வீட்டுக்காரர் எங்களை நாகர்கோவில்னு நினைச்சிட்டு இருக்கார்.”

அப்போதுதான் நான் வேறொரு விஷயத்தில் இடறியிருக்கிறேன் என்று புரிந்தது. அவர் வீட்டைப் பற்றி, சித்தப்பாக்களைப் பற்றி, அம்மாவின் முழங்காலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னார். சொல்ல மாட்டேன் என்றேன். அவர் என் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தார். பிறகு, கேட்காமலே, தன் சொந்தக் குரலில் பாடம் எடுத்தார். “என்ர கையில கிடக்கிறது இது. உங்கட கையில கிடக்கிறது உது. உந்த டீ ஆறுது, குடியுங்கோ.” குடித்தேன். அன்றிலிருந்து ஃபோனில் பேசும்போது மனத்துக்குள் முதலில் ‘உந்த விளக்கு’ என்று சொல்லிக்கொள்வேன்; எசா தானாக வந்து உட்காரும். என் முறை வந்தபோது மிஸ் இரண்டு நாள் ஜன்னலுக்குப் போகவே இல்லை.

மச்சான் சும்மா இருப்பானா? “அண்ணா, இன்னா பண்ணீங்க? எனக்கும் சொல்லுங்க. கடைக்குத் திரும்பிப் போனா எங்க வாப்பா ஒரு வார்த்த பேச மாட்டாரு, தராசைத்தான் கையில குடுப்பாரு.” நான் மனப்பாடம் என்றேன், தியானம் என்றேன், கடைசியில் காலையில் வெந்நீர் குடிப்பதாகச் சொன்னேன். அவன் உண்மையாகவே வெந்நீர் குடித்தான்.

சோதனைக்கு முந்தைய வகுப்பு. மச்சானின் முறை. மிஸ் வாடிக்கையாளர். அவன், “அக்கேயா லூஸ்...” என்றான். மிஸ் ஜன்னலுக்குப் போகவில்லை. பேனாவை மூடினார். “ஒருத்தரை இப்பவே எடுத்துடச் சொல்றாங்க. கிளையன்ட் கால் வீணாகக் கூடாதாம். நான் என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க.” மச்சான் நோட்டை மூடிப் பையில் வைத்தான். நான் அக்காவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர் எழுந்துவிட்டிருந்தார்.

மேசையில் எரிந்துகொண்டிருந்த பெட்டியை நீள வயரோடு எடுத்துப் போய் மச்சானின் இரண்டு கைகளிலும் வைத்தார். நாலு எட்டு பின்னால் வந்து நின்றார். இருமவில்லை.

“தம்பி, வடிவாப் பிடிச்சிருங்கோ. இப்ப நான் கேக்கிறன். உதில எந்த லைட் எரியுது?”

மச்சான் பெட்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

“அக்கா... நீங்க சிலோனா?”

“ஓம். முதல்ல லைட்டைச் சொல்லுங்கோ.”

“பச்சை.”

“என்னட்ட இருந்தா இது. உங்களிட்ட இருக்கிறபடியா உது. ரெண்டு பேரிட்டயும் இல்லாட்டித்தான் அது. இப்ப ஸ்பானிஷில என்னைக் கேளுங்கோ.” பெட்டியை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

“எசா... எசா லூஸ் எரியுதா, சென்யோரா?”

“சி, சென்யோர்” என்றார் அக்கா. மிஸ் பேனாவைத் திறந்து அவன் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்தார். பிறகு, கான்வென்டில் இதை யாரும் தனக்குச் சொல்லித்தரவில்லை என்றார்.

எல்லோரும் தேறினோம். நான் கடைசி இடத்தில். சென்யோர், உங்களுடைய இலக்கணம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஏன் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் யோசிக்கிறீர்கள் என்று அந்த அதிகாரி கேட்டாராம். தமிழில் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

செய்தி பெருங்களத்தூருக்குப் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. வகுப்பில் இருந்த ஒரு பெண் அதே குடியிருப்பில்தான் இருந்தாள். அவள் அக்காவைப் புகழ்ந்துதான் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்காரர் மேலே வந்தார். “நாகர்கோவில்னு சொன்னீங்களேம்மா?” என்றார். “நீங்கதான் சொன்னனீங்கள், நாங்கள் மறுக்கேல்லை” என்றார் அக்கா. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டால் பதில் சொல்லலாம். அமெரிக்காவிலிருந்து மகன் திரும்பி வருகிறான், வீடு வேண்டும் என்றார். மகன் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். தினமும் காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது அவன்தான் கேட் திறந்துவிடுவான்.

இதை அக்கா எங்களிடம் டீ குடித்தபடி வானிலை அறிக்கை மாதிரி சொன்னார். நான், ஐயோ என்றேன். மச்சான் சமோசாவைக் கீழே வைத்தான். “எங்க மாமா வூடு மேல்மாடி காலியா கீதுக்கா. மேற்கு தாம்பரம்.”

“தம்பி, போலீஸில பதியவேணும். விசாரிக்க வருவினம்.”

“வரட்டும், டீ குடுப்போம். எங்க பேரக் கேட்டதுமே வூடு இல்லன்னு சொல்ற கதையெல்லாம் எங்களுக்குப் புதுசாக்கா? எங்க மாமியைக் கேளுங்க, தெரு வாரியா சொல்லும்.”

மாமாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: படியில் செருப்பை ஒழுங்காக விட வேண்டும். அக்காவின் அம்மா குடிவந்த அன்று மாலையே மாமியிடம் வாய் திறந்தார். பல மாதங்களாகச் சேர்த்து வைத்திருந்ததால் அன்று முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தாராம். மாமிக்குப் பாதிதான் புரிந்ததாம். “பாதி போதும். நம்ம ஆளுங்க பேசறதுல பாதிக்கு மேல எதுக்கு?” என்று மாமி சொன்னதாக மச்சான் சொன்னான்.

சில வருடம் நாங்கள் ஸ்பெயினின் மோடங்களை எல்லாம் தாம்பரத்திலிருந்து பழுது பார்த்தோம். பக்கத்து இருக்கையில் அக்கா. இடைவேளையில் தண்ணீர்த் தொட்டி ஓரம் போய், இப்போது மறையாமல், “உங்க மழையோ, அப்பா?” என்று கேட்பார். பிறகு ஊரில் சண்டை கடுமையானது, லைன் கிடைக்காத நாள்கள் வந்தன. ஒருநாள் அவர் விடுப்பு எடுத்தார். திரும்பி வந்தபோது நான் என்ன கேட்பது என்று தெரியாமல், ஊரில் மழையா என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. “அங்க மழையோ வெயிலோ தெரியேல்லை” என்றார். ‘அங்க’ என்றார். அப்பா இருந்தவரை அவர் ஊரைப் பற்றி ஃபோனில் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் கேட்பதற்கு ஆள் இருந்தால்தான் ‘உங்க’. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தேன்.

கம்பெனி பிறகு வேறு ஊருக்குப் போயிற்று. காலி செய்யும்போது இந்தப் பெட்டியை யாரும் கணக்கில் வைக்கவில்லை, நான் பையில் போட்டுக்கொண்டேன். மச்சான் கடையில் உட்கார்ந்திருக்கிறான். தராசு இப்போது டிஜிட்டல், அதில் பச்சை விளக்கு எரியும்போதெல்லாம் ‘எசா லூஸ்’ என்று சொல்வதாகக் கேள்வி. அக்கா கனடாவில் இருக்கிறார். பனி கொட்டும் ஊர்.

போன வாரம் வீடியோவில் வந்தார். நான் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பேச்சு நடுவே அவர் கண் என் தோளுக்குப் பின்னால் போயிற்று.

“உது இன்னும் உங்கயோ கிடக்குது?”

நான் திரும்பிப் பெட்டியை எடுத்துக் காட்டினேன். “இதுவா? இது இங்கேதான் இருக்கு” என்றேன். நடுச்சொல்லுக்குரிய சரியான பதில் அதுதான் என்று எனக்குத் தெரியும்.

“எந்த லைட் எரியுது?”

“ஒண்ணும் இல்லைக்கா.”

சிரித்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “உங்க மழையோ?” என்று கேட்டார்.

தாம்பரத்தில் அவருக்கு இன்று சொந்தம் என்று யாரும் இல்லை. அவர் அம்மா மேற்கு தாம்பரம் வீட்டிலேயே காலமானார். மாமாவும் மாமியும் போய்ச் சேர்ந்தார்கள். இந்தப் பக்கத்தில் நான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன், சுட்டுச் சொல்லுக்கு யோசித்துப் பதில் சொல்பவன். என் வாழ்க்கையில் இதுவரை என்னை நம்பி யாரும் எந்த முக்கியமான பொறுப்பும் கொடுத்ததில்லை. ஆகவே இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று, “இருங்கக்கா, பார்த்துச் சொல்றேன்” என்று எழுந்து, பெட்டியைக் கையில் பிடித்தபடியே ஜன்னலுக்குப் போனேன். தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் சாய்வாக மழை.

“ஓம்” என்றேன்.